ஒரே வெட்டு

எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று நான் மனதார நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் ஊற்றுக்கண்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதினி வைத்த மொச்சைக் குழம்பை மறுபடி மறுபடி வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். இடது நெஞ்சில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல இருந்தது. பத்திரிகைகளில் வரும் இதயநோய்ப் பக்கங்களை ஒன்று விடாமல் படிப்பவன் நான். வியர்க்கிறதா என்று நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வியர்த்தது. தேனியில் பங்குனி மத்தியானத்தில் கரண்ட் போனால் எருமைக்கும் வியர்க்கும் என்பது அப்போது தோன்றவில்லை. இடது கை மரத்திருக்கிறதா என்று பார்த்தேன். மரத்திருந்தது. அதன் மேல்தான் படுத்திருந்தேன்.

“போச்சு. எனக்குப் போச்சு” என்று எழுந்து உட்கார்ந்து, பீரோ சாவி இருக்கும் இடத்தை என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரியும். இதற்கு முன்பே நான் சில தடவை இறந்திருக்கிறேன்.

அவள் நிதானமாகச் சேலையை மாற்றப் போனாள். பதறியது மதினிதான். எங்கள் காம்பவுண்டிலேயே அடுத்த வீடு. என் அண்ணன் மனைவி. அண்ணன் கேரள மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை ஜீப்பில் இறங்கித் திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவார். ஆகவே நான் சாகும்போதெல்லாம் ஆட்டோ பிடிப்பது மதினியின் வேலையாக இருந்தது. அந்த வாரம் அண்ணன் மலையிலிருந்து இறங்கவில்லை. அன்றும் மதினிதான் பிடித்தார். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்:

“ஆத்தா கௌமாரி, இவுக பொழச்சு எந்திரிச்சாகன்னா, வர்ற சித்திரைக்கு ஒன் வாசலுக்குத் தீச்சட்டி எடுத்து வாரேன் தாயே!”

டாக்டர் இ.சி.ஜி. தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தை ஊற்றிக் கொடுத்தார். நான் விட்ட ஏப்பத்தில் பக்கத்து அறைக் குழந்தை அழுதது.

திரும்பி வரும்போது மதினியிடம் சொன்னேன். “வாயுத் தொல்லைக்குத் தீச்சட்டி ரொம்ப ஜாஸ்தி மதினி. சூடம் ஒண்ணு கொளுத்துங்க, ஆத்தா கணக்குச் சரியாப் போயிரும்.”

“நேந்தது நேந்ததுதான்” என்றார். “பொழச்சீகளா இல்லையா?”

“நான் சாகவே இல்லையே.”

“அது ஆத்தாளுக்குத் தெரியும். ஒங்களுக்கு என்ன தெரியும்?”

அவரோடு வாதாடுவது வீண். மதினியிடம் எதிலும் பாதி கிடையாது. ஆரம்பித்தால் முழுசு, விட்டால் அதுவும் முழுசு. விடுவதில்தான் அவர் மகா கெட்டிக்காரர். கோழி அறுக்கிறவரைப் பற்றிச் சொல்லும் ஒரு பேச்சை அவர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வார். “வெட்டுனா ஒரே வெட்டு. கழுத்த வச்சு அரக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. அது கோழிக்கும் பாவம், நமக்கும் பாவம்.”

ஒரு காலத்தில் அவர் காப்பிப் பிரியை. விடியலில் ஒன்று, பலகாரத்தோடு ஒன்று, துணி துவைத்து முடித்து ஒன்று என்று டம்ளர் காயாது. ஒரு நாள் பால்காரரிடம் தண்ணீர் கலந்ததைக் கேட்க, அவர் ஏதோ எகத்தாளமாகப் பதில் சொல்ல, மதினி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அன்றோடு காப்பி முடிந்தது. தலைவலியில் மண்டையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவரிடம், “ஒரு மடக்காவது குடிங்க மதினி, கொஞ்சம் கொஞ்சமா விடலாம்” என்று என் மனைவி டம்ளரை நீட்டினாள். “கொண்டுபோயி ஒன் புருசனுக்குக் குடு. அவுகதான் கொஞ்சம் கொஞ்சமா விடுறவுக” என்றார்.

அது எனக்கான குத்து. நான் சிகரெட்டை விடத் தொடங்கி அப்போது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த மாதம் ஒன்று குறைப்பேன், அடுத்த மாதம் பாதி குறைப்பேன், மாமனார் இறந்தபோது இரண்டு கூட்டினேன். “நீங்க சிகரெட்ட விடுறதுக்குள்ள சிகரெட்டு ஒங்களக் கைவிட்டுரும் கொழுந்தனாரே” என்பார். படிப்படியாக என்பது என் மதம். ஒரே வெட்டு என்பது அவர் மதம். ஒரே காம்பவுண்டில் இரண்டு மதமும் சண்டையில்லாமல்தான் இருந்தன.

கல்யாணமான புதிதில் போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனார். காயைப் பெருசு, நடுத்தரம், சொத்தை என்று தட்டில் பிரிக்க வேண்டும். கண் பார்ப்பதற்கு முன்னால் அவர் விரல் காயின் தரத்தைச் சொல்லிவிடும் என்று அண்ணன் பெருமையடிப்பார். சாயங்காலம் வெளியே போகும்போது மேஸ்திரி ஒரு நாள், “மடிய உதறிக் காட்டிட்டுப் போம்மா” என்றிருக்கிறார். எல்லோரிடமும் சொல்வதுதான். மதினி மடியை உதறினார். முந்தானையை உதறினார். அப்புறம் அன்று முழுதும் பிரித்து வைத்த காய் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்துவிட்டு, “இப்பச் சரியா இருக்கா, எண்ணிக்கங்க” என்று பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஏலக்காயை அவர் வாயில் வைத்ததில்லை. ஏலக்காய்த் தோட்டத்து மனிதரைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பாயசம் வைத்தால் ஏலக்காய் போடாமல் அவருக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றை இரண்டு வருடம் பார்த்தவர், மாமியாருக்கு விஷம் வைக்கிற கட்டத்தில் எழுந்து போனார். “அவ செத்தாளா பொழச்சாளான்னு தெரிய வேணாமா மதினி?” என்று கேட்டேன். “எனக்குச் செத்துட்டா” என்றார்.

உத்தமபாளையத்தில் இருந்த தன் தம்பியோடும் அப்படித்தான். ஒரு காதுகுத்தில் தம்பி சொன்ன ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு அன்றோடு நின்றது. தம்பி பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது, தினமும் கறிக்குழம்பு கொதிக்கும். தூக்குச்சட்டி என் கைக்கு வரும். “யாரு குடுத்தான்னு கேட்டா?” என்பேன். “வாயி இருக்குல்ல, கொழம்பத் திங்கச் சொல்லுங்க” என்பார். தம்பி நொண்டிக்கொண்டு பார்க்க வந்தபோது கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, சாப்பாடு போட்டு, தம்பி மனைவியிடம் ஊர்க்கதை எல்லாம் பேசி அனுப்பினார். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டது விட்டதுதான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் வாத்தியார். என் மாரடைப்புக்கு முந்தின மாதம், ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றில் ஹார்மோன் பற்றி மாதிரி வகுப்பு எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வழக்கம்போலப் பீதி. முதல் நாள் ஒத்திகை பார்க்க ஆள் தேவைப்பட்டது. மனைவி கும்பிடு போட்டுவிட்டாள். மதினி வீட்டு அடுப்படியில் போய் நின்றேன்.

“நீங்கதான் மதினி வகுப்பு. உக்காருங்க.”

“வகுப்புக்கு என்ன குடுப்பீக?”

“அறிவு.”

“அப்ப மொச்சைய உரிச்சுக்கிட்டே கேக்கேன். ரெண்டுல ஒண்ணாச்சும் மிஞ்சும்.”

ஆரம்பித்தேன். “ஒடம்புல கோடிக்கணக்கான செல்லு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உட்கரு. அதுக்குள்ளதான் டி.என்.ஏ. எந்தப் புரதத்தச் செய்யணும், எப்படிச் செய்யணும்னு அம்புட்டும் அங்கன எழுதியிருக்கு. ஆனா எழுத்து தன்னைத் தானே வாசிக்காது. ஒரு ஆளு வந்து ‘இந்தப் பக்கத்தப் படிங்க’ன்னு வெரல் வைக்கணும். அந்த ஆளுக்குப் பேரு ஏற்பி.”

“பேரு நல்லாத்தான் இருக்கு.”

“அது உட்கருவுக்கு வெளிய சும்மா நிக்கும். காலைல ஜீப்புக்குக் காத்து நிக்கிறவுக மாதிரி. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வச்சாப்ல ஒரு சுரப்பி இருக்கு. அதுல இருந்து கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல வரும். அது வந்து ஒட்டுனதும் ஏற்பி கெளம்பி உட்கருவுக்குள்ள போயிரும். போயி, சில பக்கத்தப் படிக்க வைக்கும், சில பக்கத்த மூடி வைக்கும். வீக்கம், வலி வர வைக்கிற பக்கமெல்லாம் மூடுற கணக்கு.”

“அப்பறம்?”

“அப்பறம்தான் விசேஷம். வேலை முடிஞ்ச ஏற்பி மேல செல்லே ஒரு அடையாளத்த ஒட்டும். செல்லுக்குள்ள ஒரு அரவை மிசினு இருக்கு. அடையாளத்தப் பாத்ததும் இழுத்துப் போட்டு நொறுக்கிரும்.”

“வேலை செஞ்சதுக்கா?”

“வேலை முடிஞ்சதுக்கு. சத்தம் குடுத்தவன் அங்கனயே நின்னு கத்திக்கிட்டே இருந்தா என்னாகும்? அதான். இன்னொண்ணு கேளுங்க. ஏற்பியச் செய்யச் சொல்லியும் ஒரு பக்கம் எழுதியிருக்குல்ல? அதையும் ‘கொறைச்சுப் படிங்க, போதும்’னு அதுவே சொல்லிட்டுத்தான் போகும்.”

மதினி உரிப்பதை நிறுத்திவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “வந்துச்சு, சொல்லுச்சு, போயிருச்சு. சொன்ன எடத்துல தொங்கிக்கிட்டு நிக்கல. அது நம்ம ஆளு கொழுந்தனாரே! ஒங்க அண்ணனுக்கு இதச் சொல்லிக் குடுங்க. திங்கக்கெழம ஜீப்புக்கு நேரமானாலும் கெளம்ப மாட்டாக.”

உற்சாகத்தில் பாடத்தின் கடைசிப் பகுதியையும் சொன்னேன். மூளையின் அடியில் இருக்கும் சுரப்பியிலும் இதே ஏற்பி உண்டு. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருந்தால், ‘இன்னும் சுரக்கச் சொல்லி உத்தரவு அனுப்பும் பக்கத்தை மூடு’ என்று அங்கே அது விரல் வைக்கும். உத்தரவு வராத சுரப்பி தூங்கிப்போகும். “நெறைய நாளு தூங்குனா?” என்று மதினி கேட்டார். “சுருங்கிப் போகும். எழுப்ப மாசக்கணக்காகும்” என்றேன். பாராட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாதிரி வகுப்பிலும் கைதட்டல்.

அன்று நான் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், மதினியின் முழங்கால் மாத்திரை இருந்தது.

குட்டி வெள்ளை மாத்திரை. சில வருடங்களுக்கு முன் மூட்டு வீங்கி எழுந்து நடக்க முடியாமல் இருந்தபோது யாரோ ஒரு டாக்டர் சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது. மறுநாளே நடந்தார். டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையில் விடாமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. முகம் நிலா மாதிரி உருண்டு வந்தது. கன்னம் பூரித்தது. “புருசன் ஏலக்காய்ல கொட்டுறாரு, மதினி ஊதுறாக” என்று நான்கூடக் கேலி பேசினேன். கையில் லேசாக இடித்தாலே நீலம் பாய்ந்துவிடும். அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். அது நினைவிருக்கிறது, எழுத மனம் வரவில்லை. அந்த மாத்திரையின் பேரை நான் படித்துப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கார்டிசாலுக்குப் பதிலாக அந்த ஏற்பியில் போய் ஒட்டுகிற சரக்கு அது.

வீரபாண்டி கௌமாரி கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். மதினி மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்புக் கட்டிக்கொண்டார். கறி மீன் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. தினமும் காலை பஸ்ஸில் வீரபாண்டி போய் ஆற்றில் குளித்து, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பது. கூடவே அவர் இன்னொன்றும் செய்தார். அதுவும் எங்கள் பக்கம் யாருக்கும் விசித்திரமாகப் படாது. ஒருவருக்கு அம்மை போட்டால் மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது மருந்து தின்பது அவளை அவமதிப்பது. அதே கணக்கில் என் மனைவியிடம், “ஆத்தாளுக்கு வெரதம் இருக்கையில மாத்திரை எதுக்கு? அவளே பாத்துக்குவா. தீச்சட்டி எறக்குற வரைக்கும் ஒண்ணும் கெடையாது” என்று சொல்லி, அட்டையைக் குப்பையில் போட்டிருக்கிறார். ஒரே வெட்டு.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் மரியாதையான ஒரு பெயர் தயாராக இருந்தது. முழங்கால் வலி திரும்பி வந்தது: ஆத்தா சோதிக்கிறாள். சோறு இறங்கவில்லை: விரத வயிறு. வாந்தி வந்தது: பித்தம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது: நடந்த களைப்பு. உருண்டையான முகம் வற்றியது: விரதக் களை, அம்மன் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எதிர் வீட்டு அம்மாள் மதினியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கவனிக்கவில்லையா என்றால், நான் வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு தப்பியதிலிருந்து எனக்கு நானே வைத்தியன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை, பயம் வந்தால் நடுவில் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, வீரபாண்டிக்குக் கிளம்பி வந்த மதினி என் வீட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“எந்திரிச்சா கண்ணக் கட்டுது கொழுந்தனாரே. எனக்கும் அந்தப் பட்டிய மாட்டிப் பாருங்களேன்.”

மாட்டினேன். மேல் எண்ணே எண்பதைத் தாண்டவில்லை. மறுபடி பார்த்தேன். இன்னும் கீழே போனது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவி கெட்டுப்போய்விட்டது! அப்படியானால் இத்தனை நாள் எனக்குக் காட்டிய நல்ல எண்ணெல்லாம் பொய்தானே? உள்ளே நான் வெடிக்கிற நிலையில் இருந்தால்? மதினியை அப்படியே விட்டுவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். சண்டை போட்டு வேறு கருவி வாங்கினேன். கடையிலேயே கையை நீட்டிப் பார்த்தேன். நார்மல். இளநீர் ஒன்று குடித்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பினேன். மதினி வீரபாண்டிக்குப் போயிருந்தார். புதுக் கருவியை அவர் கையில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீச்சட்டி அன்று சித்திரை வெயில் உச்சியில் நின்றது. அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மதினி ஆற்றில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு, வேப்பிலை பரப்பிய கையில் சட்டியை வாங்கினார். நெருப்பு நெளிந்தது. உறுமிச் சத்தம் காதை அடைத்தது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மதினி தள்ளாடினார். முன்னால் ஓரடி, பின்னால் இரண்டடி. கண் மேலே போனது. வாய் ஏதோ முணுமுணுத்தது.

“ஆத்தா எறங்கிட்டா!” என்று கூட்டத்தில் ஒரு குரல். பெண்கள் குலவை போட்டார்கள். உறுமிக்காரர்கள் சுற்றி வந்து நின்று அடித்தார்கள். அண்ணன் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கும்பிட்டார். டி.என்.ஏ. நடத்துகிற நானும் கும்பிட்டேன். கும்பிட்டதோடு நிற்காமல், கிட்டப் போய்க் கேட்டேன்:

“ஆத்தா, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?”

மதினி என்னைப் பார்த்தார். பார்த்தாரா என்று தெரியாது. கண் என் பக்கம் திரும்பியது. உதட்டருகே காதை வைத்தேன். “போதும்” என்றார்.

வாக்குக் கிடைத்துவிட்ட பூரிப்பில் நான் நிமிர்ந்தேன். சட்டி விழுந்தது. அண்ணன் நெருப்பைக் காலால் ஒதுக்கினார். மதினி சரிந்து அவர் மேல் சாய்ந்தார். யாரோ நாக்கில் திருநீறு வைத்தார்கள். யாரோ வேப்பிலையால் அடித்தார்கள். “சாமி மலையேறுனா சரியாப் போகும், தொடாதீக” என்றார்கள். நாங்கள் காத்திருந்தோம். சாமி மலையேறுவதற்குக் காத்திருந்தோம். உடம்பு சில்லிட்டுப்போய், திருநீறு நாக்கில் நனையாமல் அப்படியே கிடப்பதை என் மனைவிதான் பார்த்துக் கத்தினாள்.

திருவிழாக் கூட்டத்தைப் பிளந்து ஆம்புலன்ஸ் வெளியே வர வெகுநேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் மதினியின் கையைத் திருப்பிப் பார்த்தார். நீலத் திட்டுகளைப் பார்த்தார். “என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க?”

“மாத்திரை எதுவும் இல்ல சார், வெரதம்” என்றேன்.

“விரதத்துக்கு முன்னாடி?”

“மொழங்காலுக்கு ஒரு குட்டி மாத்திரை போடுவாக” என்றாள் என் மனைவி. “வருசக்கணக்கா. காப்புக் கட்டுன அன்னைக்கு நிறுத்திட்டாக.”

அவர் நர்ஸிடம் ஊசி மருந்தின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். “அது ஸ்டீராய்டுங்க. வருஷக்கணக்கா சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. உடம்பு தானாச் சுரக்கறதை மறந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கணும்.”

“படிப்படியா” என்றேன்.

“ஆமா, படிப்படியா.”

எனக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வித்தை அது.

ஊசியும் சலைனும் ஏறிய பிறகு, சாயங்காலம் மதினி கண்ணைத் திறந்தார். அண்ணன் அழுதுவிட்டார். மதினி என் மனைவியைப் பார்த்து, சன்னமான குரலில், “காப்பி இருக்கா?” என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிழைத்துவிட்டார் என்று அண்ணன் வராந்தாவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு மட்டும் பயம் வந்தது. அது என் வழக்கமான பீதி என்று நினைத்து அடக்கினேன். ஆனால் விட்ட ஒன்றை மதினி திரும்பக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்றார் நர்ஸ். காலையில் கொடுக்கலாம் என்றிருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் படிக்க உட்கார்ந்தேன். இருபது வருடமாக நடத்திய பாடத்தை முதல் தடவையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். மாத்திரை தினமும் வந்தது. ஏற்பிகள் தினமும் உள்ளே போய், பக்கங்களைத் திறந்து மூடி, தம்மைச் செய்யும் பக்கத்தையும் குறைக்கச் சொல்லி, அடையாளம் ஒட்டப்பட்டு, நொறுங்கின. மூளையின் அடியில் உத்தரவுப் பக்கம் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. சிறுநீரகத்தின் மேலிருந்த தொப்பி சுருங்கியது. பிறகு ஒரு காலையில் மாத்திரை வரவில்லை. மிச்சமிருந்த ஏற்பிகள் வெளியே நின்றன, ஜீப் வராத ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் மாதிரி. அவை நொறுங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. சும்மா நின்றன. ‘அது நம்ம ஆளு’ என்று மதினி மொச்சை உரித்த கையால் தொடையில் தட்டிச் சிரித்ததை நினைத்தேன். சொல்லிவிட்டுப் போகிற புத்தி அவருக்கும் அதற்கும் ஒன்றுதான். ஆனால் போன இடத்தை மறுபடி நிரப்ப உடம்புக்கு நாள் வேண்டும் என்பதையும் நான்தானே அன்று சொன்னேன்? எழுப்ப மாதக்கணக்காகும் என்று. பரீட்சைக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னேன்.

படித்ததில் எனக்கு மிஞ்சியது என்ன தெரியுமா? பீதிதான். தொடையில் இருந்த படைக்கு மருந்துக் கடையில் வாங்கித் தடவிய களிம்பு ஞாபகம் வந்தது. அதிலும் ஸ்டீராய்டு. என் சுரப்பியும் தூங்கியிருந்தால்? அதே டாக்டரிடம் போய் நின்றேன். வேண்டாம் என்றார். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பரிசோதனை செய்துகொண்டேன். முடிவுத் தாளை நீட்டி, “உங்க சுரப்பிக்கு ஒண்ணும் ஆகலை சார். தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க” என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். ஏப்பம் வந்தது.

அந்த வருடம் ஹார்மோன் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்துவிட்டு வந்துவிட்டேன். ஜீப் உதாரணம் சொல்லவில்லை. பொங்கலுக்கு என் மனைவி பழக்கதோஷத்தில் ஏலக்காய் போடாத பாயசத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உத்தமபாளையத்துத் தம்பி இப்போதும் வருகிறார். வந்தால் மதினி வீட்டு நாற்காலியில் யாருடனும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

விரதத்தில் போனதால் ஆத்தா தன்னோடு அழைத்துக்கொண்டாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் ஆறுகிறது. அதனால் அவரிடம் நான் ஒன்றும் மறுத்துப் பேசியதில்லை.

நடந்தது இதுதான். வருடக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரையை எனக்காக நேர்ந்துகொண்ட விரதத்தில் மதினி ஒரே நாளில் நிறுத்தினார். தீச்சட்டிக்கு மறுநாள் காலை, காப்பி கொடுக்கலாமா என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால், இறந்துபோனார். எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை.